மூன்று தலை ராட்சசன்

ஏழாவது கோளில் நடப்பதாக ஒரு தொலைக்காட்சித் தொடரை எழுதிவந்தார் வேதநாயகி. வயது அறுபதைத் தாண்டியவர், தனியாக வாழ்ந்தார். அவரிடம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த இருதயராஜுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் காலை, எழுதிய தாள்களோடு அவர் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, ராட்சசனுக்கு மூணு தலை வச்சும் யாரும் பயப்படல. குழந்தைங்க சிரிக்குதாம்."

"நாலாவது தலை ஒண்ணு வச்சுப் பாரேன்."

"கிண்டல் பண்ணாதீங்க. ஜனங்க எதுக்குத்தான் பயப்படுவாங்க?"

"நான் எழுத வந்தப்ப யுத்தத்துக்குப் பயந்தாங்க. கதையில ராட்சசன் வானத்துலேருந்து இறங்கினான். அப்புறம் வேலை போயிடும்னு பயந்தாங்க. இயந்திர மனுசன் வந்தான்."

"இப்ப?"

வேதநாயகி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

"மாசிலாமணி பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

மாசிலாமணி அவர்களோடு சேர்ந்து எழுதியவன். ஏதோ கூட்டத்தில் பேசினான் என்று போன மாதம் விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வரவில்லை. அதன்பிறகு ஸ்டுடியோவில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. சேர்ந்து டீ குடிக்கப் போவதும் நின்றுவிட்டது. அவரவர் சாப்பாட்டை அவரவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

இருதயராஜ் எழுந்தான். தன் போனையும் அவர் போனையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். இரண்டையும் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினான். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினான். அப்போதும் தணிந்த குரலில்தான்.

"அவன் சம்சாரம் தினம் கூப்பிடுது. நான் எடுக்கல."

"ஏன்?"

"எடுத்தா அடுத்து நான்தான்."

"அவ கூப்பிட்டப்ப உன் பக்கத்துல யார் இருந்தா?"

"யாருமில்ல. போன் அடிச்சு ஓயற வரைக்கும் ரூம் விளக்கை அணைச்சிட்டு உக்காந்திருந்தேன்."

வேதநாயகி பேனாவை எடுத்தார். ராட்சசன் வரும் இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். தாள்களை அவனிடம் நகர்த்தினார்.

"அந்த ரூமை எழுது. ரப்பர் முகமூடி செலவு மிச்சம்."

அவன் சிரிக்கவில்லை. தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கடைசியில அந்த ரூம்ல இருக்கறவன் போனை எடுப்பானா, அக்கா?"

"என்னைக் கேக்கறியே. அந்தப் பொண்ணு கூப்பிட்டது உன்னைத்தானே?"