பலகைத்தேரின் எல்லைப் பயணம்

மருதங்கோட்டை அரசர் உதயமாறனுக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டால் பழசையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லிவிடுவார். ஒரு கோடையில் இளநீர் ருசித்துப்போய், அரண்மனைக் கிணற்றை மூடச் சொன்னவர் அவர். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் அவசரக்காரர்.

அந்த அவசரத்தைத் தளவாய் கொம்பையா நன்றாக அறிந்து வைத்திருந்தார். அவருடைய ஊரில் தேரோட்டத்தன்று மழை பெய்தால் தேர்ச் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். உடனே ஜனங்கள் அடியில் பலகை கொடுத்துத் தேரை நகர்த்துவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த தளவாய், எதிரிக் கோட்டைக் கதவை உடைக்க ஒரு போர்த்தேர் செய்தார். அதற்குச் சக்கரமே கிடையாது. தரையில் பலகை, பலகைமேல் பனந்தடி, தடிமேல் தேர். மாடுகள் இழுக்கும். தேர் நகர நகர, பின்னால் விடுபட்ட பலகையையும் தடியையும் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் போடுவார்கள். பலகைத்தேர் என்று பெயரும் வைத்தாயிற்று.

ஏரிச் சேற்றில் வெள்ளோட்டம் நடந்தது. மாட்டு வண்டி அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. பலகைத்தேரோ அதன் பக்கத்திலேயே ஜம்மென்று கடந்து போனது.

"இனி என் படையில் சக்கரமே வேண்டாம். வண்டிகளையெல்லாம் உடைத்துப் பலகையாக்குங்கள்" என்றார் அரசர்.

படைக்குச் சோறும் தீனியும் கொண்டுசேர்க்கிற பொறுப்பு மந்திரி கூத்தபிரானுடையது. அவர் மெல்ல எழுந்தார்.

"சேற்றில் இதற்கு நிகரில்லை மகாராஜா. ஆனால் எல்லைக் கோட்டை வரைக்கும் நமக்கு இருப்பது கல் பாவிய சாலை. அதில் இதை நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்."

தளவாய் சிரித்தார். "மந்திரிக்கு வண்டிக்காரர்கள் மேல் பாசம். மகாராஜா, தேரைக் கொண்டுசேர்க்கிற வேலையை அவருக்கே கொடுங்கள். கார்த்திகைத் தீபத்துக்குள் எல்லைக்கு வந்தால் வண்டிகளை உடைப்போம். வராவிட்டால் மந்திரி வேண்டுமென்றே கெடுத்தார் என்று பொருள். பதவியை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

தளவாயின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தீர்களா? தேர் போய்ச் சேர்ந்தால் வண்டிகள் போச்சு. சேராவிட்டால் மந்திரி பதவி போச்சு.

அன்றே வண்டிக்காரர்களின் தலைவர் சடையாண்டி மந்திரியைத் தேடி வந்தார்.

"சாமி, வண்டிய ஒடச்சுட்டா எங்க சனம் பூரா நடுத்தெருவுல நிக்கும்" என்றார். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கூத்தபிரானுக்கு அதுதான் தாங்கவில்லை.

"முதலில் தேர் நடக்கிற அழகைப் பார்ப்போம். நீரும் வண்டிகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் வாரும்."

"சக்கரம் இல்லாத தேருக்கு நாங்க எதுக்கு சாமி?"

"வாருமே, தெரியும்."

மறுநாள் தேர் கிளம்பியது. கல் சாலையில் ஏறியதுமே பலகைகள் படார் படாரென்று பிளந்தன. மாற்றுப் பலகைக்கு ஒரு வண்டி பின்னால் வந்தது. தடிகளுக்குப் பூச விளக்கெண்ணெய், அதற்கு ஒரு வண்டி. பிளந்ததைச் செதுக்கத் தச்சர்கள், அவர்களுக்கு ஒரு வண்டி. பலகை தூக்கி ஓடுகிறவர்கள் குடித்த கூழுக்கும், இழுக்கிற மாடுகள் தின்ற வைக்கோலுக்கும் எத்தனை வண்டி வந்தாலும் போதவில்லை. வழியில் ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, "யார் வீட்டுச் சீர்வரிசை?" என்று கேட்டார். பொழுது சாயும்போது திரும்பிப் பார்த்தால் அரண்மனைச் சமையல்கட்டுப் புகை இன்னும் தெரிந்தது.

கூத்தபிரான் மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சடையாண்டியை அழைத்தார்.

"கோயில் தூண் ஏற்றுகிற பெரிய வண்டி உம்மிடம் இருக்கிறதா?"

"இருக்குது சாமி. ஆனா தேரு போய்ச் சேந்துட்டா எங்க வண்டிய ஒடச்சிருவாங்களே?"

"சேர்த்துவிடுவோம். அப்புறம் உடைக்கிறார்களா என்று பார்ப்போம்."

தீபத்தன்று காலை அரசரும் தளவாயும் எல்லைக் கோட்டை மதில்மேல் நின்றார்கள். தூரத்தில் புழுதி எழுந்தது. பெரிய வண்டி ஒன்று கடகடவென்று வந்தது. அதன்மேல் பலகைத்தேர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"இது மோசடி" என்றார் தளவாய். "சக்கரத்தில் ஏற்றிக் கொண்டு வந்திருக்கிறார்."

"ஒரு நாள் முழுக்க அதன் வழியிலேயே நடத்திப் பார்த்தேன் தளவாயே" என்றார் கூத்தபிரான். "பலகைக்கு வண்டி, எண்ணெய்க்கு வண்டி, தச்சருக்கு வண்டி, கூழுக்கு வண்டி, வைக்கோலுக்கு வண்டி. இத்தனை சக்கரம் பின்னால் வருகிறதே, நாலு சக்கரம் அடியில் இருந்தால்தான் என்ன என்று தோன்றியது." பிறகு அரசரைப் பார்த்துக் கைகூப்பினார். "தேர் வந்துவிட்டது மகாராஜா. ஆணைப்படி வண்டிகளை உடைக்க வேண்டும். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்? தேருக்கு அடியில் இருப்பதிலிருந்தா?"

அரசர் தேரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். தேரே ஏறிவிட்டதே" என்று சிரித்துவிட்டார். ஒரு வண்டியையும் தொடக்கூடாது என்று அங்கேயே ஆணையிட்டார். சடையாண்டிக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார். மனுஷர் அப்போதுதான் அழுதார்.

தளவாய்க்கு மனசு ஆறவில்லை. "என் தேரைக் கேலி செய்யாதீர்கள். சேறு, வயல், ஆற்று மணல், எங்கே வேண்டுமானாலும் அது போகும்."

கூத்தபிரான் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "யார் இல்லை என்றது? எங்கே வேண்டுமானாலும் போகும் தளவாயே. அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டால் போதும்."

அரசர் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் பொறுத்துத் தளவாயும் சிரித்தார்.