தேனப்பர் இறங்கிய கரை

தேனப்பரின் கப்பல்கள் போகாத துறைமுகம் கிடையாது. மிளகும் சந்தனமும் ஏற்றிப் போகும். பட்டும் குதிரைகளும் ஏற்றி வரும். கடலில் போர் மூண்டதும் அரசர் அவரை அழைத்தார்.

"இத்தனை கப்பலைக் கட்டி மேய்த்தவர் நீர். இனி என் படையையும் மேய்த்துக் கொடும்."

நாட்டின் காவலே வணிகர் கைக்கு வந்தது. வாள் பிடித்துப் பழகாத கைதான். ஆனால் எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. துறைமுகத்தைச் சூழ்ந்திருந்த எதிரியின் முற்றுகை உடைந்தது. கோட்டைக்குள் அரிசி வந்தது. ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

பிறகு எதிரி, கரைக்கு எதிரே இருந்த சிறு மணற்றீவின் பக்கம் திரும்பினான். அங்கே படை அனுப்பினால் துறைமுகம் பலவீனப்படும். தீவைக் கைவிட்டால் துறைமுகம் பிழைக்கும். தேனப்பர் ஒரே மூச்சில் முடிவெடுத்துவிட்டார். உத்தரவில் முத்திரை மட்டும் வைக்க முடியவில்லை.

விடியும் முன்னே தன் குரு பூரணத்தம்மையைத் தேடி ஆற்றுமுகத்துக்குப் போனார். அவரைவிட இளையவள். படகில் உட்கார்ந்திருந்தாள்.

"தாயே, வியாபாரத்தில் தயங்காத கை இப்போது ஏன் தயங்குகிறது?"

"ஏறு அப்பா."

எங்கும் பனி. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. துடுப்பின் ஓசை தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. காலில் ஈரம் பட்டுக் குனிந்தார். படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"பாரம் தாங்கவில்லை" என்றாள் அவள். "உன் கப்பலில் என்ன செய்வார்கள்?"

"விலை குறைந்த சரக்கைக் கடலில் தள்ளுவார்கள்."

"தள்ளு."

தேனப்பர் சுற்றிலும் பார்த்தார். படகில் சரக்கே இல்லை. அவளும் அவரும்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்துவிட்டார்.

முழுகி எழுந்தபோது கால் மணலில் பட்டது. தண்ணீர் மார்பளவுதான். பனிக்குள் எங்கோ சேவல் கூவியது. மீன் சுடும் வாசனை வந்தது. "எழுந்திருடா, வெயில் வந்தாச்சு" என்று ஒரு பெண் பொய் சொல்லிப் பிள்ளையை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"இது எந்தக் கரை, தாயே?"

"மணற்றீவு."

அவள் படகிலிருந்த தண்ணீரை அள்ளிக் கொட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

"நான் என்ன உத்தரவு போடட்டும்?"

"முதலில் கரையேறு. தலை துவட்ட யார் வீட்டிலாவது ஒரு துணி கேட்டு வாங்கு. உத்தரவை அப்புறம் போடலாம்."