வெட்டுப்படாத பக்கம்

பதினொன்றாம் வகுப்புக்கு மூன்று வருசமாக ஒரே ஆங்கிலக் கதையை நடத்திய மிடுக்கு தெய்வசிகாமணி வாத்தியாருக்கு. தலைமையாசிரியையை வகுப்புக்கே வரவழைத்து, மாணவி சகாயமேரி எழுதிய திறனாய்வுக் கட்டுரையை அவர் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

“கப்பலோட சேர்ந்து மாலுமியும் முழுகிட்டான். இவ என்னடான்னா, அவன் பிழைச்சு வந்ததுதான் கதைக்கே உயிர்னு அளந்துவிட்டிருக்கா! ஏய் மேரி, நாளைக்கு அப்பாவோட வா, டீசி வாங்கிட்டுப் போ!”

மேரியின் கண் மேசைமேல் இருந்த வாத்தியார் புத்தகத்தின் ஓரத்தில் நிலைத்தது.

“தப்புன்னா திருத்திக்கிறேன் சார். கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிச்சுக் காட்டுங்க.”

வாத்தியார் விறுவிறுவென்று புரட்டினார். கதையின் கடைசி இரண்டு தாள்களும் அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஓரம் ஒட்டியே கிடந்தன.

மேரி ஸ்கேலை நீட்டினாள்.

“மெதுவாப் பிரிங்க சார். மாலுமி உள்ளேதான் உயிரோட இருக்கான்.”