நாரை அலகால் பேசத் தொடங்கியது

பறவைக்கும் பாம்புக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு பெரிய ஏரியின் நடுவே தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்ந்தன. நடுவில் இருந்த உயரமான மரத்தின் உச்சிக்கிளை பூவாத்தாளுடையது. பூவாத்தாள் ஒரு நாரை. அந்த ஏரியிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான். மேலே கழுகு வட்டமிட்டாலும், கரையில் நரி தலையைக் காட்டினாலும் அவள் ஒரு குரல் கொடுப்பாள். அக்கரையில் மீன் பிடிக்கிற பறவையும் அந்த நிமிடமே பறந்து வந்துவிடும். அதனால் ஏரிக் காவல் அவளிடம் இருந்தது.

ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. இரைக்குப் போன பறவைகள் வழி தெரியாமல் மழைக்குள் சுற்றின. பூவாத்தாள் உச்சியில் நின்று, “இங்கே! இங்கே!” என்று கூவினாள். மூன்று நாளும் கூவினாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எல்லாம் கூடு வந்து சேர்ந்தன.

நான்காம் நாள் வெயில் அடித்தது. பூவாத்தாள் தன் கணவன் சடையனிடம், “குஞ்சுகளுக்குப் பசிக்குது” என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வந்து, அதுவும் நின்றுபோனது. மீன்முள் குறுக்கே சிக்கியதுபோலத் தொண்டை வலித்தது.

சடையன் பதறிப்போய் ஆமையை அழைத்துவந்தான். அந்த ஏரிக்கு ஆமைதான் வைத்தியர். பூவாத்தாள் கீழே இறங்கி வாயைத் திறந்து காட்டினாள். ஆமை கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது.

“உள்சதை வீங்கிச் செவந்து கெடக்கு. மருந்து ஒண்ணும் இல்ல, மௌனம்தான். நாப்பது நாளு வாயே தெறக்கக் கூடாது. மெதுவாப் பேசினா பரவால்லன்னு நெனச்சுடாத தாயி, கிசுகிசுப்பும் ஆகாது. மீறி ஒரு தடவ கத்தினாலும் குரல் போனது போனதுதான்.”

பூவாத்தாள் தலையசைத்தாள்.

அதன் பிறகுதான் அவளுக்குச் சில விஷயங்கள் புரிந்தன. குரல் போனால் காதும் போய்விட்டதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொக்கு ஒன்று அவள் முகத்துக்கு நேரே வந்து, “எப்படி இருக்கே?” என்று கத்தியது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “பாவம், இனிமே தேறாது” என்று இரண்டு நீர்க்காகங்கள் பேசிக்கொண்டன. சடையன் நல்லவன்தான். ஆனால் அவள் சிறகை அசைத்தால்கூட, “அவ என்ன சொல்ல வர்றான்னா” என்று ஆரம்பித்து, அவள் நினைக்காததை எல்லாம் சொன்னான். இரண்டு தடவை பொறுத்தாள். மூன்றாம் தடவை அவன் தலையில் நறுக்கென்று ஒரு கொத்து விழுந்தது.

ஏரிக்குத் தலைவர் தொங்கலார், அலகுக்குக் கீழே பை தொங்கும் ஒரு கூழைக்கடா. அவர் நாலு பறவைகளோடு வந்தார்.

“பூவாத்தா, கொறை சொல்றதா நெனைக்காத. காவலுக்குக் குரல் வேணும். இனிமே ஆள்காட்டிக் குருவி பாத்துக்கட்டும். நீ குஞ்சுங்களோட அந்தக் கோரைப்புல்லு ஓரமாப் போயிரு. அமைதியா இருக்கும்.”

பூவாத்தாள் அவரைப் பார்த்தாள். பிறகு உச்சிக்கிளையை இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போயிரலாம் வா, எதுக்குப் பெரியவங்களோட வம்பு?” என்றான் சடையன்.

அவள் அசையவில்லை. “சரி, இருந்துக்க. ஆனா காவல் ஒன்னுது இல்ல” என்று சொல்லிவிட்டுத் தொங்கலார் போனார்.

ஆள்காட்டி அன்றே வேலையைத் தொடங்கியது. நல்ல கண், நல்ல குரல். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்குப் பயம். எருமை தண்ணீர் குடிக்க வந்தால் கத்தியது. பனைமட்டை மிதந்து வந்தால் கத்தியது. தன் நிழலைப் பார்த்தும் ஒருநாள் கத்தியது. பறவைகள் பத்து நாள் ஓடி ஓடி வந்தன. பிறகு, “அதுக்கு வேற வேலை இல்ல” என்று இருந்துவிட்டன.

முப்பத்தோராம் நாள் உச்சிவெயில். பெரிய பறவைகளில் அநேகமாக எல்லாமே கீழைக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. பூவாத்தாள் சிறகை விரித்து, தன் மூன்று குஞ்சுகளுக்கும் நிழல் கொடுத்து நின்றாள். தண்ணீரில் ஒரு கோடு நெளிந்து வந்தது. மலைப்பாம்பு.

ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. கீழைக்கரையில் ஒரு தலைகூட நிமிரவில்லை.

பாம்பு மரத்தில் ஏறியது. கீழ்க்கிளையில் இருந்த கொக்குக் குஞ்சு ஒன்றை விழுங்கியது. பிறகு நிதானமாகத் தலையைத் தூக்கிப் பூவாத்தாளைப் பார்த்தது.

“குரல் போனவ நீதானே? உன் சமாச்சாரம் எல்லாம் கேள்விப்பட்டேன். இன்னும் ஒம்பது நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா சரியாயிடுமாமே? இரு. சத்தம் போடாம இரு. உன் கூட்டை நான் தொடமாட்டேன். அக்கம்பக்கத்துக் கூடே எனக்குப் போதும்.”

பூவாத்தாள் தன் குஞ்சுகளைப் பார்த்தாள். கீழே, கண் திறக்காத கொக்குக் குஞ்சுகள் தாய்தான் வந்துவிட்டதென்று பாம்பின் பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அவளைத் தேறாது என்று சொன்ன நீர்க்காகங்களின் குஞ்சுகள் பக்கத்துக் கிளையில் இருந்தன.

அவள் கத்தினாள்.

“பாம்...” என்று பாதிச் சொல் பழைய குரலிலேயே வந்தது. அதற்குள் தொண்டையில் ஏதோ அறுந்தது. சூடாக வலித்தது. மிச்சச் சொல் வெறும் காற்றாகப் போனது. அந்தப் பாதிச் சொல் கீழைக்கரையை எட்டவில்லை.

“முடிஞ்சுதா?” என்றது பாம்பு. “ஒழுங்கா இருந்திருக்கலாம்.”

பூவாத்தாளுக்கு வந்த கோபத்தில் உடம்பே நடுங்கியது. மேலலகும் கீழலகும் ஒன்றோடொன்று மோதின. டக். பாம்பு ஒரு கணம் நின்றது. அதை அவள் பார்த்துவிட்டாள். கழுத்தை நீட்டி, அலகை அகலத் திறந்து, வேண்டுமென்றே அடித்தாள். டக். டக். டகடகடகடகடக!

அப்படியொரு சத்தத்தை அந்த ஏரி அதற்குமுன் கேட்டதில்லை. கீழைக்கரையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. “என்னது அது? பூவாத்தா மரத்துப் பக்கமாக் கேக்குதே!” என்றான் சடையன். வாயில் இருந்த மீனைப் போட்டுவிட்டு முதலில் பறந்தவன் அவன்தான். பின்னாலேயே மற்ற எல்லாம் எழும்பின. நாரைகள் கொத்தின. கூழைக்கடாக்கள் சிறகால் அறைந்தன. நீர்க்காகங்கள் வாலைப் பிடித்து இழுத்தன. பாம்பு தண்ணீரில் விழுந்து, வந்த வழியே போனது. அது கண்ணுக்கு மறையும்வரை பூவாத்தாள் அலகை நிறுத்தவில்லை.

மாலையில் ஆமை வந்து அவள் தொண்டையைப் பார்த்தது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

தொங்கலார் தன் பை நிறைய மீன் கொண்டுவந்து அவள் காலடியில் கொட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எங்களுக்காகக் குரலை எழந்துட்டியேம்மா. இனிமே நீ ஒண்ணும் செய்ய வேணாம். காலம் பூரா ஊரே ஒனக்கு எரை கொண்டாந்து போடும். ஒன் புள்ளைங்களுக்குக் குரல் நல்லா இருக்கு. வளந்ததும் ஒனக்குப் பதிலா அதுங்க கூவட்டும்.”

பூவாத்தாள் அந்த மீன்களை ஒவ்வொன்றாகக் காலால் தண்ணீரில் தள்ளினாள். இறங்கிப் போய், தானே ஒரு மீனைப் பிடித்து விழுங்கினாள். திரும்ப உச்சிக்கிளைக்கு வந்து, தொங்கலாரின் முகத்துக்கு நேரே அலகைத் தட்டினாள். சடையன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

“எனக்கே புரிஞ்சுது” என்றார் தொங்கலார். “காவல் ஒன்னுதுதான்.”

தை முடிந்தது. குஞ்சுகளுக்குச் சிறகு முற்றியது. முதன்முதலாகக் கூட்டை விட்டுப் பறக்கும் நாளில், வழக்கப்படி எல்லாப் பறவைகளும் கூடின. பூவாத்தாளின் மூத்த மகளைப் பார்த்து, “எங்க, ஒரு குரல் குடு. ஒங்கம்மாவோட பழைய குரலைக் கேட்டு எத்தன நாளாச்சு!” என்றார் தொங்கலார்.

“குரல் இருக்கு” என்றாள் மகள். “அம்மா பேசுற பேச்சு இருக்கும்போது அது எங்களுக்கு எதுக்கு?”

அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கழுத்தை நீட்டி அலகைத் தட்டினாள். தம்பிகள் இருவரும் தட்டினார்கள். சடையனும் தட்டினான். சுற்றியிருந்த மரங்களில் இருந்த நாரைகளெல்லாம் தட்டின. ஏரி முழுக்க அந்தச் சத்தம் அதிர்ந்தது.

நாரைகளின் வழக்கம் அன்றைக்கு ஏற்பட்டதுதான். கூட்டில் இருக்கும்வரை குஞ்சுகள் தொண்டை கிழியக் கத்துகின்றன. வளர்ந்ததும் குரலைக் கூட்டிலேயே விட்டுவிட்டு, அலகைத் தட்டிக்கொண்டு வானத்துக்குக் கிளம்புகின்றன.