மரகதத்தின் இடுப்புப் பந்து

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. என் அறைத்தோழி கோதை சொன்னது. அவள் பயிற்சிக்குப் போன ஆய்வகத்தில், அவள் சேர்வதற்கு முந்தைய வருடம் நடந்ததாம். அவளும் தேநீர் இடைவேளையில் பிறர் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதில் சிறு பிழை இருக்கலாம். நடந்ததில் பிழை இல்லை என்று அவள் உறுதியாகச் சொன்னாள்.

அந்த ஆய்வகத்தில் இடுப்பு மூட்டுக்கான செராமிக் பந்துகளைச் செய்தார்கள். தொடை எலும்பின் தலை கெட்டுப்போனவர்களுக்கு அதை வெட்டியெடுத்துவிட்டு, எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்குவார்கள். தண்டின் முனையில் இந்தப் பந்து உட்காரும்.

ஆசிரியர் தாட்சாயணிக்கு நாற்பது வயது. அவரிடம் கற்க வந்த சந்தியாகுவுக்கு ஐம்பத்து நான்கு. விருத்தாசலம் பக்கம் ஒரு பீங்கான் ஆலையில் வாஷ்பேசினும் கழிப்பறைக் கோப்பையும் சுட்டவர். ஆலை மூடியதும் புதிதாகப் படிக்க வந்தார். அவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் அவரை அண்ணே என்பார்.

மற்ற மாணவர்கள் அவரைச் சீண்டுவார்கள்.

"அண்ணே, இந்தப் பந்துல ஃப்ளஷ் எங்க வைக்கப்போறீங்க?"

"உன் தலையிலதான். கொஞ்சம் குனி."

அவர் முதன்முதலாகத் தனியாகச் செய்த பந்து மரகதம் என்ற பெண்ணுக்கானது. மரகதம் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தது. இடுப்பெலும்பில் பந்து பொருந்தும் குழி மிகச் சிறியது. கடையில் வரும் அளவு எதுவும் சரியாக வரவில்லை. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைத் தேதி ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. இந்த முறை செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை மரகதமே சந்தியாகுவுக்குப் போன் செய்தார்.

"சார், என் கோலிக்குண்டு ரெடியா?"

"ரெடிம்மா. கண்ணாடி மாதிரி மின்னுது."

"மின்னி என்ன சார், யார் பார்க்கப்போறா? சாம்பார் அண்டாவை இறக்க முடியுமா, அதைச் சொல்லுங்க."

"இறக்கலாம். ஏத்தவும் செய்யலாம்."

மரகதம் சிரித்தது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்த ஆய்வகத்தில் எந்தப் பந்தும் அழுத்திப் பார்க்காமல் வெளியே போகாது. பந்தை இரும்புக் கூண்டுக்குள் தண்டின் முனை போன்ற ஒன்றில் பொருத்தி, கைப்பம்பால் பாரம் ஏற்றுவார்கள். பாரத்தைக் காட்டும் மானியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. ஒருவர் ஓடும்போதும் தடுக்கி விழும்போதும் இடுப்பில் இறங்கும் பாரத்தைவிட அது பல மடங்கு அதிகம். முள் அந்தக் கோட்டைத் தொட்டும் பந்து நின்றால், பெட்டியில் வைப்பார்கள். பம்பை யார் வேண்டுமானாலும் அடிக்க முடியாது. பந்தைச் செய்தவர்தான் அடிக்க வேண்டும். அது அங்கே வழக்கம்.

சந்தியாகு பந்தைக் கூண்டில் வைத்தார். பம்பை அடித்தார். முள் ஏறியது. கோட்டுக்குப் பாதி வழியில் கையை எடுத்துவிட்டார்.

"மேடம், ஒன்னு கேட்கலாமா?"

"கேளுங்க."

"அந்தம்மா எடை நாற்பத்தெட்டு கிலோ. இந்தப் பாரம் அவங்க இடுப்புல ஒருநாளும் வராது. வராத பாரத்தை எதுக்கு ஏத்தணும்?"

ஆசிரியர் மானியின் முள்ளைப் பார்த்தார்.

"இது ஒன்னுதான் இருக்கு. உடைஞ்சா மறுபடி பொடியை அழுத்தி, கடைஞ்சு, சுட்டு, மெருகேத்தி எடுக்க ரெண்டு மாசம் ஆகும். செவ்வாய்க்கிழமை போயிடும்."

"ஆமா."

"நான் தட்டியும் பார்த்துட்டேன்."

"என்ன பார்த்தீங்க?"

அவர் பந்தைக் கழற்றி எடுத்தார். நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மரக்குச்சியால் தட்டினார். மணி போல ஒலித்தது. ஆலையில் முப்பது வருடம் அவர் அப்படித்தான் பேசின்களைச் சோதித்தார். விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். அவர் காது ஒருமுறையும் தவறியதில்லை என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

"சுத்தமான சத்தம், மேடம்."

"நல்ல சத்தம்தான்" என்றார் ஆசிரியர். "அண்ணே, நீங்க அனுப்பின பேசின் ஒரு வீட்டுல உடைஞ்சா என்ன செய்வாங்க?"

"கழட்டிட்டு வேற மாட்டுவாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பிளம்பர் வந்துட்டா அரைமணி நேரம். பிளம்பர் வர்றதுக்கு நாலு நாள்."

ஆசிரியர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பம்பைத் தொடவும் இல்லை, அழுத்தச் சொல்லவும் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சந்தியாகு பந்தையும் மானியையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தை மறுபடி கூண்டில் பொருத்தினார். கதவை மூடினார். பம்பை அடிக்கத் தொடங்கினார்.

முள் பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. சிவப்புக் கோட்டைத் தொட விரல் அகலம் இருக்கும்போது கூண்டுக்குள் வெடிச் சத்தம் கேட்டது. பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடிவந்து வாசலில் நின்றார்கள். யாரும் ஃப்ளஷ் பற்றிப் பேசவில்லை.

"நான் உடைச்சுட்டேன்" என்றார் சந்தியாகு.

ஆசிரியர் கூண்டைத் திறந்து பெரிய துண்டு ஒன்றை எடுத்தார். உடைந்த முகத்தில் கோடுகள் விசிறி போல ஓர் இடத்திலிருந்து விரிந்திருந்தன. அந்த இடத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு விலகி நின்றார்.

சந்தியாகு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு சின்னக் குழி தெரியுது."

"எப்போ வந்த குழி?"

"ஓரமெல்லாம் உருண்டு மழுங்கியிருக்கு. சூளைக்குள்ள போகும்போதே இருந்திருக்கு." நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். "பொடியை அழுத்தும்போதே வந்திருக்கும். காத்து நின்னிருக்கும்."

"ம்."

"ஆனா மேடம், இந்தக் குழியோடவே அந்தம்மா பத்து வருஷம் நடந்திருப்பாங்க. ஒருவேளை இருபது வருஷம். இப்போ செவ்வாய்க்கிழமை இல்லைன்னு ஆயிடுச்சு. நான் அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"அப்புறம் சொல்லலாம். முதல்ல துண்டையெல்லாம் சேர்த்து எடை போடுங்க. உடையறதுக்கு முன்னாடி இருந்த எடை வரணும்."

சந்தியாகு உட்கார்ந்தார். கூண்டுக்கு அடியில் எஃகுத் தட்டு இருந்தது. பெரிய துண்டுகளைக் கையால் எடுத்தார். சிறியவற்றை இடுக்கியால் எடுத்தார். இன்னும் சிறியவற்றைத் தூரிகையால் கூட்டித் தாளில் ஏந்தினார். தராசில் வைத்தார்.

எடை குறைந்தது.

கூண்டின் மூலைகளைத் துடைத்தார். கதவின் இடுக்கில் ஊசி விட்டுக் கிளறினார். மேசை விளக்கை இழுத்து வந்து தரையில் சாய்த்து வைத்து, கன்னம் தரையில் படும்படி குனிந்து பார்த்தார். மின்னியதையெல்லாம் எடுத்தார். சட்டை மடிப்பில்கூட ஒன்று கிடைத்தது.

மறுபடி தராசில் வைத்தார். அரை அரிசி அளவுக்குக் குறைந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மாணவன் வந்து கூப்பிட்டான். அவர் போகவில்லை. ஆசிரியரும் போகவில்லை.

மூன்றாம் முறை எடை போட்டபோதும் குறைந்தது. விரல் நுனியில் ஒரு துகள் குத்தி ரத்தம் வந்திருந்தது. அந்தத் துகளைத் தேடினார். அதுவும் கண்ணில் படவில்லை.

"மேடம், மீதி கிடைக்கல."

"நல்லாத் தேடினீங்களா?"

"தட்டு, கூண்டு, தரை, சட்டை. ஒரு இடம் விடல. பொடியாப் போனதை எப்படிப் பிடிக்கறது?"

ஆசிரியர் எழுந்து மேசை விளக்கை அணைத்தார்.

சந்தியாகு போனைக் கையில் எடுத்தார். மரகதத்தின் எண் திரையில் இருந்தது. அழுத்தாமல் நின்றார்.

"என்ன சொல்லட்டும், மேடம்?"

"எல்லாத் துண்டும் கிடைக்கலன்னு சொல்லுங்க."

அவர் எண்ணை அழுத்தி, பந்து உடைந்ததை மரகதத்திடம் சொன்னார்; பிறகு மேடம் சொன்னதை அப்படியே சொன்னார் என்கிறாள் கோதை. 

இதைக் கேட்டபின் நான் தேடிப் படித்துப் பார்த்தேன். செராமிக் பந்து உடலுக்குள் உடைவது மிக அரிது. உடைந்துவிட்டால், சதைக்குள் சிதறிய சில்லுகள் முழுவதையும் மறு அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட முடிவதில்லை. அதனால் அந்த இடத்தில் உலோகப் பந்தை வைக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். தங்கிப்போன துகள்கள் உலோகத்தை அரைத்துவிடும்.