கை வைக்காதே!

பட்டப்பகலிலும் ஆயிரத்தெட்டு விளக்கு எரியும் அரண்மனையைப் பார்த்திருக்கிறீர்களா? செம்பனூர் ராஜா கனகபூபதியின் அரண்மனை அப்படித்தான். "வெயில் அடிக்குதே, விளக்கு எதுக்கு?" என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவர் சபையில் கொம்பையா என்று ஒரு விகடகவி இருந்தான். அவன் யோசனைப்படி ராஜா ஒரு காட்சிசாலை கட்டினார். காற்றில் சுழலும் காற்றாடி, தண்ணீர் இறைக்கும் ஏற்றம், எள் ஆட்டும் செக்கு, வெயிலைக் குவித்துப் பஞ்சைப் பற்றவைக்கும் கண்ணாடி எல்லாம் அதில் உண்டு. பாடசாலைப் பிள்ளைகள் தாங்களே இயக்கிப் பார்க்க வேண்டும், சக்தி எங்கிருந்து வருகிறது, அதை ஏன் வீணாக்கக் கூடாது என்று புரிய வேண்டும். அதற்காக அவன் ஒரு வருஷம் ராஜாவை நச்சரித்திருந்தான்.

காட்சிசாலைக்குக் காவலாக வந்து சேர்ந்தவர் மந்திரி தாண்டவராயர். எந்நேரமும் வெற்றிலை மெல்லும் வாய். அந்த மண்டபத்தில் தமக்கு ஓர் ஊஞ்சல் கட்டிக்கொள்ள அவருக்கு ஆசை. ஆகவே வெள்ளையடித்த பலகைகளில் கரியால் 'கை வைக்காதே' என்று எழுதி, ஒவ்வொரு பொருளிலும் மாட்டிவிட்டார். பிள்ளைகள் வந்தார்கள், கொட்டாவி விட்டார்கள், போனார்கள்.

ஒருநாள் ராஜா வந்து தையல்நாயகி என்ற சிறுமியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"விளக்குக்கு எண்ணெய் எங்கேயிருந்து வருது?"

"குடத்துலேருந்து மகாராஜா!"

"குடத்துக்கு?"

"பெரிய குடத்துலேருந்து!"

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொம்பையா! நாளைக்கு உச்சிவேளைக்குள்ள இதுகளுக்குப் புரியவைக்கணும். இல்லேன்னா மண்டபம் மந்திரிக்கு. நீ யானை லாயத்துல லத்தி அள்ளப் போ!"

மந்திரி பணிவாகக் குனிந்தார். "ஆனா ஒரு கைகூட எதுமேலயும் படக் கூடாது மகாராஜா. படுறதுக்குத்தான் தடை இருக்கே."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

மறுநாள் காலை முப்பது பிள்ளைகளும் கைகளைப் பின்னால் துண்டால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொம்பையாவின் கையும் கட்டியிருந்தது.

"இது என்ன கூத்து?" என்றார் மந்திரி.

"கைக்குத்தானே தடை? காலுக்கு நீங்க பலகை மாட்டலையே!"

அவ்வளவுதான், மண்டபம் இரண்டுபட்டது! கன்னம் உப்ப ஊதினார்கள், காற்றாடி சுழன்றது. ஏற்றத்தின் மேல் ஏறி மிதித்தார்கள், தண்ணீர் தபதபவென்று கொட்டியது. செக்கு மரத்தை முதுகால் நெட்டித் தள்ளிக்கொண்டு சுற்றினார்கள். கண்ணாடிக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை, வெயிலே பஞ்சைப் பற்றவைத்தது. "சும்மாவே எரியுது!" என்று குதித்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த ராஜாவுக்குக் கால் பரபரத்தது. "நகருங்கடா!" என்று கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்துவிட்டு, தாமும் கையைக் கட்டிக்கொண்டு செக்கில் புகுந்தார். நூறு சுற்று. மூச்சு வாங்கியது, மீசையில் வியர்வை சொட்டியது. கிரீடத்தோடு ஜன்னல் வெயிலில் நின்ற மந்திரி, "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயணும்?" என்று முணுமுணுத்தார். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் தம்மையே எலிப்புழுக்கை என்று சொல்லிக்கொண்டது அவருக்கு உறைத்தது.

கடைசியில் எட்டிப் பார்த்தால், எண்ணெய் ஒரே ஒரு கரண்டி!

"இவ்வளவுதானா?" என்று அலறினார் ராஜா.

"ஒரு விளக்குக்கு வரும் மகாராஜா, கொஞ்ச நேரத்துக்கு" என்றான் கொம்பையா.

தையல்நாயகி ஜன்னல் வழியே அரண்மனையைப் பார்த்தாள். "அப்ப அங்க எரியுற ஆயிரத்தெட்டு விளக்குக்கும் யாரு சுத்துறாங்க, மகாராஜா?"

உச்சிவெயில். அந்த வெயிலில் அத்தனை விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தன. ராஜா தம் நடுங்கும் கால்களைப் பார்த்தார்.

"அணை!" என்று கத்தினார். "உடனே அணை!"

சேவகர்கள் அரண்மனைக்கு ஓடினார்கள். கொம்பையா மந்திரியிடம் ஓடி, கட்டிய கையோடு அவர் மேல் தொம்மென்று நெஞ்சால் மோதினான். கிரீடம் ஒரு பக்கம் உருண்டது, வெற்றிலைப் பெட்டி ஒரு பக்கம் சிதறியது.

"என்னடா செய்யறே?" என்றார் ராஜா.

"நீங்கதானே அணைக்கச் சொன்னீங்க! கை வைக்காம ஒருத்தரை அணைச்சா முட்டத்தான் முடியுது. கை வச்சாத்தான் எதுவும் ஒழுங்கா நடக்கும் போலிருக்கு, மகாராஜா!"

ராஜா வயிற்றைப் பிடிக்க நினைத்தார். கை கட்டியிருந்ததால் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். "மண்டபம் பிள்ளைகளுக்குத்தான்! பரிசு என்ன வேணும், கேள்!"

"கட்டை அவிழ்க்கச் சொல்லுங்க. அப்புறம் மந்திரியோட சுண்ணாம்பு கொஞ்சம் போதும்."

சிதறிக் கிடந்த சுண்ணாம்பை விரலில் எடுத்தான் கொம்பையா. செக்கில் மாட்டியிருந்த பலகையின் கடைசி எழுத்துகளான 'க்காதே' மீது ஒரே இழுப்பாகப் பூசினான்.

பிள்ளைகள் மீதியை உரக்கப் படித்தார்கள்:

"கை வை!"