மீன் கீறிய சிரட்டை

"அப்படியானால் ஐந்து பேரில் யாரும் வேண்டாம் என்கிறாயா?"

"ஐந்து பேருமே ஆளுக்கு ஆள் தான்தான் தலைவர் என்கிறார்கள், அரசே. சிக்கல் அங்கேதான் இருக்கிறது."

"ஐந்து பேர் ஓர் ஆசனத்தில் எப்படி உட்காருவது?"

"ஒருவர் மடியில் ஒருவராக உட்காரலாம். ஆனால் யார் அடியில் உட்காருவது என்று மறுபடியும் சங்கத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்."

இந்தப் பேச்சு நடந்தது முன்னொரு காலத்தில், இன்று யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு நாட்டின் அரசவையில். கேட்டவர் அரசர். பதில் சொன்னவன் வேம்பன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்றைக்கு அரசர் சிரிக்கவில்லை. குழப்பம் வந்தால் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். பொற்கிண்ணத்தில் இருந்த திராட்சை மதுவை ஒரு மிடறு குடித்தார். குழப்பம் அப்படியே இருந்ததால் இன்னொரு மிடறும் குடித்தார்.

அந்த நாட்டில் மனிதர்களைவிடப் பனைமரங்கள் அதிகம். பனைக்கேற்ற கள், கள்ளுக்கேற்ற கூட்டம். குடியை விட முடியாமல் தவிப்பவர்களுக்காக ஆற்றங்கரையில் வரிசையாக ஐந்து மீட்பு மனைகள் இருந்தன. மனைக்கு ஒரு வைத்தியர். முதல் மனையில் கசாயம், இரண்டாவதில் எண்ணெய்க் குளியல், மூன்றாவதில் பட்டினி, நான்காவதில் பாட்டு, ஐந்தாவதில் கயிறு திரிக்கும் வேலை. தன் வழியைத் தவிர மற்ற நான்கும் ஏமாற்று என்பதில் மட்டும் ஐவருக்கும் ஒரே கருத்து.

இவர்கள் ஐவரும் சேர்ந்ததுதான் குடிமீட்பு வைத்தியர் சங்கம். உலகம்மை என்ற மூத்த வைத்தியச்சி இருபத்தொரு வருடம் அதற்குத் தலைவியாக இருந்தாள். கண் மங்கியதும் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அரசர் கையில் வைத்துவிட்டு, மகள் ஊருக்குப் புறப்பட்டாள்.

"உமக்குப் பிறகு யாரை நியமிக்கலாம்?" என்று அரசர் கேட்டபோது, "இருபத்தொரு வருசமா நானும் அதைத்தான் யோசிக்கிறேன். இனிமே நீங்க யோசிங்க" என்று சொல்லி வண்டி ஏறிவிட்டாள்.

தலைவரின் முத்திரை விழுந்த ஓலைக்குத்தான் அரண்மனைக் களஞ்சியம் அரிசியும் மருந்துச் சரக்கும் கொடுக்கும். மோதிரம் ஒரு மாதமாக அரசரின் தலையணைக்கு அடியில் கிடந்தது. மனைகளில் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

அப்போது பிரதானி ஆதிமூலம் எழுந்தார். வேம்பன் பேசும்போதெல்லாம் பல் வலிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்பவர் அவர்.

"அரசே, மூன்றே நிபந்தனைகள் போதும். ஒன்று, தலைவர் ஐவரில் ஒருவராக இருக்கக் கூடாது. இரண்டு, ஐந்து மனைகளின் வைத்தியத்தையும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை உள்ளே இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். மூன்று, அவரை நம்பலாம் என்று ஐந்து வைத்தியர்களும் தங்கள் வைத்தியத்தின்மேல் ஆணையிட வேண்டும்."

அரசரின் முகம் தெளிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று யாராவது சொன்னால் அவருக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும்.

"அருமை. யார் அவர்?"

"அதை வேம்பனார் கண்டுபிடிக்கட்டும். எதற்கும் பதில் வைத்திருப்பவர் அல்லவா? நாளை சூரியன் சாய்வதற்குள் அந்த மனிதரை நிறுத்தாவிட்டால், தலையில்லாத சங்கத்தைக் கலைத்து, மனைகளைப் பூட்டி, உள்ளே கிடப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

ஒரு வைத்தியர் இன்னொருவரைத் தன் மனை வாசலில் தண்ணீர் குடிக்கக்கூட விடமாட்டார். ஐந்துக்குள்ளும் இருந்தவர் என்று ஒருவர் இருக்க வழியே இல்லை. அது ஆதிமூலத்துக்குத் தெரியும். நான்காம் மனையில் வேம்பனின் தம்பி செங்கோடன் இருப்பதும் தெரியும்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வேம்பன் பதில் சொல்லாமல் அவையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

நேராக ஆற்றங்கரைக்குப் போனான். நான்காம் மனை முற்றத்தில் செங்கோடன் உட்கார்ந்து, தன்னைவிட மோசமாகப் பாடும் ஒருவரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"பத்தொம்பது நாள் ஆச்சுண்ணே. கை நடுங்குறது நின்னுடுச்சு, பாரு."

வேம்பன் பார்த்தான். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. விஷயத்தைச் சொன்னான். செங்கோடன் ஆற்றின் அக்கரையைப் பார்த்தான்.

"நாளைக்கே அனுப்பிட்டா எப்படிண்ணே? இங்கேருந்து நம்ம வீட்டுக்கு வழியில மூணு கடை இருக்கு. ஒண்ணத் தாண்டிடுவேன். ரெண்டாவதக்கூட கண்ண மூடிட்டுத் தாண்டுவேன். மூணாவதத் தாண்ட எனக்கு இன்னும் கால் வரல."

"அனுப்ப மாட்டாங்க. நான் இருக்கேன்ல."

"உன் மூஞ்சியப் பாத்தா நீ இருக்கிற மாதிரி தெரியலையே."

பேச்சை மாற்றுவதற்காக வேம்பன் மனையின் முகப்புச் சுவரைப் பார்த்தான். சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்கொரு தேங்காய்ச் சிரட்டை. அந்த நாட்டில் குடிப்பவர்கள் ஆளுக்கொரு சிரட்டை வைத்திருப்பார்கள். மாறிவிடாமல் இருக்க அதில் அவரவர் அடையாளத்தைக் கீறிக்கொள்வார்கள். குடியை விட்டு மனையிலிருந்து வெளியேறும் நாளில் அதை வைத்தியர் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். எந்தச் சுவரில் சிரட்டை அதிகமோ அந்த வைத்தியருக்கு மீசை உயரம்.

நான்காம் மனை வைத்தியர் பின்னால் வந்து நின்றார். "இவர்களில் உங்களுக்கு மிகவும் நம்பிக்கையானவர் யார்?" என்று வேம்பன் சும்மா கேட்டுவைத்தான். வைத்தியர் யோசிக்காமல் ஒரு சிரட்டையைத் தொட்டார். அதில் ஒரு மீன் கீறியிருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு கண் உள்ள மீன்.

"இப்படி அழுதுகொண்டே விடைபெற்றவன் வேறு யாரும் இல்லை. என் பாட்டு அவனை மீட்டுவிட்டது."

வேம்பன் மூன்றாம் மனைக்கு நடந்தான். அங்கேயும் அதே கேள்வி. மூன்றாம் வைத்தியர் பெருமையோடு காட்டிய சிரட்டையில் இரண்டு கண் உள்ள மீன் இருந்தது. வேம்பனுக்குத் தலை சுற்றியது. திரும்பி நான்காம் மனைக்கே வந்துவிட்டோமோ என்று ஆற்றைப் பார்த்தான். ஆறு சரியான பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் மனைக்குப் போனான்: மீன். முதல் மனை: மீன். சந்தேகம் தீராமல் ஐந்தாம் மனை வரை ஓடினான். அந்த மீன் அவனுக்கு முன்னாலேயே நீந்திப் போய்க் காத்திருந்ததுபோல் சுவரில் தொங்கியது.

ஒரு மனிதன் ஐந்து முறை மீண்டிருக்கிறான். அப்படியானால் எத்தனை முறை மறுபடி குடியில் விழுந்திருப்பான்? ஐந்தா, நான்கா? விழுந்தபின் சிரட்டையை ஏன் யாரும் இறக்கவில்லை? எண்ண எண்ண விரல்கள் குழம்பின. ஒன்றும் புரியாமல் வீடு திரும்ப ஓடத்தில் ஏறினான்.

ஓடத்தின் அடியில் ஓட்டை இருந்தது. ஓடக்காரன் ஒரு கையால் துடுப்புப் போட்டபடி மறு கையால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். இறைத்தது ஒரு சிரட்டையால். வேம்பன் குனிந்து பார்த்தான். அதில் மீனுக்கு இரண்டு கண்.

"இது யாருடையது?"

"என்னுதுதாங்க. எம்பேரு இருளப்பன். மீனு எனக்கு வரைய வராது."

"ஐந்து மனைச் சுவரிலும் தொங்குவது?"

இருளப்பன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "அதுவும் என்னுதுதாங்க. ஒவ்வொரு தடவையும் மாட்டிட்டு வருவேன். கொஞ்ச நாள்ல புதுசா ஒண்ணு கீறிக்குவேன். விழுந்துட்டேன்னு அதே வாசல்ல போய் நிக்க வெக்கமா இருக்கும். அடுத்த மனைக்குப் போயிடுவேன். அஞ்சும் முடிஞ்சு போச்சு. போறதுக்கு ஆறாவது இல்ல."

"அப்புறம்?"

"போன ஆடிப் பெருக்கன்னிக்கு ஓடம் நிறைய சனம். நடு ஆத்துல ஓட்டை விழுந்துடுச்சு. இறைக்க ஒண்ணுமில்ல, இடுப்புல இதுதான் இருந்துச்சு. கரை சேர்ற வரைக்கும் இறைச்சேன். அன்னியிலேருந்து இறைச்சுக்கிட்டே இருக்கேன். இதுல கள்ளு ஊத்தல."

"ஓட்டையை அடைத்திருக்கலாமே?"

"அடைச்சிருக்கலாங்க. அடைச்சா இறைக்கிறத விட்டுடுவேன்."

மறுநாள் பிற்பகல் அவை கூடியது. வேம்பன் சொல்லி அனுப்பியபடி ஐந்து வைத்தியர்களும் ஆளுக்கொரு துணிமூட்டையோடு வந்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த மனையிலிருந்து மீண்டவர்களில் மிகச் சிறந்தவரின் சிரட்டை இருந்தது. மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பது வேம்பன் போட்ட ஒரே விதி.

"வைத்தியர்களே, உங்கள் மூட்டையில் இருப்பவரை நம்பலாமா?"

"என் வைத்தியத்தின்மேல் ஆணை" என்றார் முதலாமவர். மற்றவர் சொல்லித் தான் பின்தங்கக் கூடாதே என்று இரண்டாமவர், மூன்றாமவர், நான்காமவர் எல்லோரும் உரக்க ஆணையிட்டார்கள். ஐந்தாமவர் இரண்டு முறை ஆணையிட்டார்.

"இனிப் பிரிக்கலாம்."

ஐந்து மீன்கள் வெளியே வந்தன. பத்துக் கண்கள் அரசரைப் பார்த்தன. அரசர் வைத்தியர்களைப் பார்த்தார். வைத்தியர்கள் ஒருவர் சிரட்டையை ஒருவர் பறித்துப் பார்த்ததில் எது யாருடையது என்பதும் குழம்பிப்போயிற்று. அரசர் கிண்ணத்தை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

வாசலில் நின்ற இருளப்பனை வேம்பன் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

"அரசே, இவர் ஐவரில் ஒருவர் அல்ல. ஐந்து மனைகளையும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை உள்ளே படுத்துக்கொண்டே பார்த்தவர். இவரை நம்பலாம் என்று ஐவரும் சற்று முன் ஆணையிட்டார்கள். மூன்று நிபந்தனைக்கும் பொருந்துகிற ஆள் இந்த நாட்டில் இவர் ஒருவர்தான்."

ஆதிமூலம் துள்ளி எழுந்தார். "அரசே, இது அவமானம். இவன் ஓடக்காரன், அதுவும் பெயர் போன குடிகாரன். ஐந்து முறை மீண்டான் என்றால் ஐந்து முறை விழுந்தான் என்று பொருள்."

"பிரதானி சொல்வது சரியாக இருக்கலாம்" என்றான் வேம்பன். "சரி என்றால் ஐந்து ஆணையும் பொய். வைத்தியர்களே, நீங்களே சொல்லுங்கள். உங்கள் வைத்தியம் பலிக்கவில்லையா?"

முதலாமவர் தாடியைத் தடவினார். "என் மனையில் பலித்தது. விழுந்திருந்தால் அது அடுத்த மனையில் விழுந்திருப்பான்."

"என்னிடமிருந்து நன்றாகத்தான் போனான்" என்றார் இரண்டாமவர்.

"நன்றாகப் போனவன் என்னிடம் எதற்கு வந்தான்?" என்றார் மூன்றாமவர்.

அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. ஒரு மாதமாக அடக்கிவைத்த சிரிப்பு முழுவதும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயே சொல்லப்பா. உன்னைக் குணப்படுத்தியது இவர்களில் யார்?" என்று கேட்டார்.

"அதாங்க மகாராசா எனக்கும் தெரியல. முத மனைக் கசாயம் குமட்டல நிறுத்துச்சு. எண்ணெயில தூக்கம் வந்துச்சு. பட்டினியில என்ன வந்துச்சுன்னு தெரியல, பசிதான் வந்துச்சு. பாட்டு இன்னும் வாயில இருக்கு. கயிறு திரிச்ச கை துடுப்புப் போடுது. ஆனா அஞ்சு பேரும் என்ன மொதல்லேருந்தே ஆரம்பிச்சாங்க. முன்னாடி எங்க இருந்தே, என்னைக்கு விழுந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல."

"நீ தலைவனானால் என்ன செய்வாய்?"

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "சுவத்துல இருக்கிற சிரட்டையெல்லாம் இறக்கச் சொல்லுவேன். ஒவ்வொண்ணையும் எடுத்துக்கிட்டு, அந்த ஆளு இப்ப எப்படி இருக்கான்னு அவன் வீட்டுக்குப் போய்ப் பாக்கச் சொல்லுவேன். வேற ஒண்ணும் தோணல."

ஐந்து வைத்தியர்களும் அவசரமாகத் தங்கள் சுவர்களை நினைத்துப் பார்த்தார்கள். ஆணையிட்ட வாயால் மறுக்க வழியில்லை. ஆதிமூலம் மெல்ல ஆசனத்தில் உட்கார்ந்தார்.

அரசர் தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து வேம்பன் தோளில் போட்டார். "உனக்கு வேறென்ன வேண்டும், கேள்."

"இன்றைக்கே களஞ்சியம் திறந்தால் போதும், அரசே. என் தம்பிக்கு இன்னும் ஒரு கடை தாண்டக் கால் வர வேண்டும்."

"திறந்தாயிற்று" என்றார் அரசர். தானே இறங்கி வந்து மோதிரத்தை இருளப்பனிடம் கொடுத்தார். துடுப்புப் போட்டுத் தடித்த விரல்களில் எதிலும் அது நுழையவில்லை. கடைசியில் சுண்டு விரலில் பாதி வரை போய் நின்றது. அதைப் பார்த்து அரசர் மறுபடியும் சிரித்தார். சிரித்ததில் தொண்டை வறண்டது. பணியாள் கிண்ணத்தை நிரப்பி நீட்ட, வாங்கிக்கொண்டார்.

"சங்கத் தலைவரே, முதல் வேண்டுகோளைக் கேளும். எதுவானாலும் தருகிறேன்."

இருளப்பன் அரசரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடத்தில் ஏறும் புதிய ஆட்களின் காலை அவன் பார்ப்பதை வேம்பன் முந்தின நாள் கவனித்திருந்தான். வழுக்கிவிடுவார்களோ என்று பார்க்கும் அதே பார்வை இது. வேம்பனுக்குத் திடீரென்று எல்லாம் புரிந்தது. தம்பியின் கை நினைவுக்கு வந்தது. அரசரின் கையிலிருந்த கிண்ணத்தில் மதுவின் மேல்பரப்பும் மிக மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றும் அவன் அதைப் பார்த்ததில்லை.

அரசரும் அந்தப் பார்வையைக் கவனித்தார். கிண்ணம் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

"பெரிசா ஒண்ணுமில்ல மகாராசா" என்றான் இருளப்பன். "ஓட்டை கொஞ்சம் பெரிசாயிடுச்சு. தண்ணி இறைக்க ஓடத்துல இன்னொரு ஆளும் இருந்தா நல்லாருக்கும். அந்தக் கிண்ணத்தோட ஒருநாள் வர்றீங்களா?"